ஒன்லைனுக்குப் பட்டா இல்லை

பெரிய நடிகரின் படம் வெளியாகிறது என்றால், டிரெய்லருக்குப் பின்னாலேயே ஒரு புகாரும் வருவது தமிழ்த் திரையுலகில் வழக்கமாகிவிட்டது. ‘இது என் கதை’ என்கிறார் ஒருவர். ‘ஒன்லைன் ஒத்துப்போவது சகஜம்தான்’ என்கிறது படக்குழு. சமூக ஊடகம் ஒரே நாளில் தீர்ப்பு எழுதிவிடுகிறது. நீதிமன்றத்தில் அதே வழக்கு பத்தாண்டுகளைத் தாண்டியும் நடக்கிறது. புகார் சொன்னவர் களைத்துப்போகிறார். படம் தொலைக்காட்சியில் நூறாவது முறையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் பார்த்துச் சலித்த எழுத்தாளர்கள் பலர், கதைக்கருவுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்கிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது, கோரிக்கை ஆபத்தானது. நம் பதிப்புரிமைச் சட்டம் எதைக் காக்கிறது, எதை வேண்டுமென்றே காக்காமல் விடுகிறது என்று பார்த்தால்தான் இரண்டுக்கும் உள்ள இடைவெளி புரியும்.

டெல்லியில் ஒரு தமிழ்ப் பெண்

இந்தியாவில் ‘தழுவலா, திருட்டா?’ என்று எந்த நீதிமன்றத்தில் கேட்டாலும், விவாதம் 1978 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆர்.ஜி.ஆனந்த் தீர்ப்புக்குத்தான் போய் நிற்கும். ஆனந்த் டெல்லியைச் சேர்ந்த கட்டிடக் கலைஞர், நாடக ஆசிரியரும்கூட. 1953-ல் அவர் எழுதிய ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகம், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டெல்லியில் அரங்கேறி நல்ல பெயர் வாங்கியது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு ‘மதராஸி’ குடும்பம். பெரியவர்கள் நண்பர்கள். பிள்ளைகள் காதலிக்கத் தொடங்கியதும் அந்த நட்பின் அடியில் இருந்த மாநிலப் பற்று வெறியாகத் தலைகாட்டுகிறது.

நாடகத்தின் பெயரைக் கேள்விப்பட்ட திரைப்பட இயக்குநர் மோகன் சேகல், 1954 இறுதியில் ஆனந்துக்குக் கடிதம் எழுதினார். 1955 ஜனவரியில் நேரிலும் வந்தார். ஆனந்த் முழு நாடகத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினார். ஒப்பந்தம் எதுவும் ஆகவில்லை. சில மாதங்களில் சேகலின் புதிய படம் அறிவிக்கப்பட்டது. 1956-ல் ‘நியூ டெல்லி’ வெளியானது. கிஷோர் குமார் பஞ்சாபி இளைஞன். வைஜெயந்திமாலா தமிழ்ப் பெண் ஜானகி. டெல்லியில் பஞ்சாபிக்கு வீடு கிடைக்கவில்லை என்பதால் தென்னிந்தியனாக வேடமிட்டு வாடகைக்கு இடம்பிடிக்கும் நாயகன், ஜானகியைக் காதலிக்கிறான். ஆனந்த் படத்தைப் பார்த்தார், வழக்குத் தொடுத்தார்.

விசாரணை நீதிமன்றத்திலும் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் அவர் தோற்றார். உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். காரணம் இதுதான்: மாநில வெறி என்ற கரு யாருக்கும் சொந்தமில்லை. நாடகம் அதைத் திருமணத்தோடு மட்டும் பொருத்திப் பார்த்தது. படமோ வீட்டு வாடகையில் அது எப்படித் தலைகாட்டுகிறது என்று காட்டியது, நாயகனின் தங்கைக்கு ஒரு வங்காள ஓவியனோடு காதலை வைத்தது, வரதட்சிணையைக் கொண்டுவந்தது. ஒற்றுமைகள் உண்டு, அவை ஒரே கருவை எடுத்துக்கொள்ளும் இருவரிடமும் இயல்பாக வரக்கூடியவை. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு ‘இது அதன் நகல்தான்’ என்ற ஐயமற்ற எண்ணம் எழுந்தால் மட்டுமே அது உரிமை மீறல் என்றது நீதிமன்றம்.

கவனிக்கப்படாத இரண்டு இடங்கள்

நீதிபதி பசல் அலி எழுதிய அந்தத் தீர்ப்பு ஏழு விதிகளை வகுத்தது. கரு, பொருள், கதைப்போக்கு, வரலாற்று நிகழ்வு, புராணக் கதை ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்ற முதல் விதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஏழாவது விதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று புகார் வரும்போது, நிரூபிக்கும் சுமை நாடக ஆசிரியருக்குக் கூடுதல் கடினமாகிறது என்கிறது அது. திரைப்படத்தின் களம் விரிந்தது, பின்னணி பெரிது, சேர்ப்பதற்கும் மாற்றுவதற்கும் அதில் இடம் அதிகம் என்பது காரணம். முழுப் பார்வையில் நகல் என்று தோன்றினால் அப்போதும் மீறல்தான் என்று ஒரு கதவையும் திறந்துவைத்தது உண்மைதான். ஆனாலும், கையில் நாலு காட்சிகளும் நாற்பது பக்கங்களும் வைத்திருக்கும் எழுத்தாளர், கோடிகளில் படமெடுக்கும் நிறுவனத்தை எதிர்கொள்ளும்போது தராசு முதலிலேயே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

அதே அமர்வில் இருந்த நீதிபதி பதக்குக்கு இது உறுத்தியிருக்கிறது. முடிவோடு அவர் ஒத்துப்போனார். கீழமை நீதிமன்றங்கள் இரண்டும் ஒரே முடிவுக்கு வந்திருக்கும்போது தலையிடத் தயங்கியதே முதன்மைக் காரணம். நாடகத்தின் முக்கிய அம்சங்கள் படத்தைப் பாதித்திருக்கின்றன என்ற வாதத்தில் சாரம் இருக்கிறது என்று அவர் தனியே எழுதினார். சில்லறை மாற்றங்களைச் செய்து, கதையின் பரப்பைப் பெரிதாக்கி, வேற்றுமை என்ற திரையைப் போர்த்திவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற எண்ணம் பரவிவிடக் கூடாது. வேறொரு வழக்கில் நீதிமன்றம் அதைக் களைய நேரலாம் என்றும் எச்சரித்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகியும் வக்கீல்கள் முதல் விதியை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு இந்த எச்சரிக்கையை வைத்திருக்கவில்லை.

ஆனந்திடம் சாட்சியத்துக்குக் குறைவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கடிதம் இருந்தது, படித்துக்காட்டிய சந்திப்பு இருந்தது. கதை இயக்குநரின் காதுக்குப் போனது சந்தேகமில்லாமல் தெரிந்தது. அவரே தோற்றார் என்றால், தேநீர்க் கடையிலும் டிஸ்கஷன் அறையிலும் வாய்மொழியாகக் கதை சொல்லிவிட்டு வந்த உதவி இயக்குநரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

வேலி எங்கே போடப்பட்டிருக்கிறது?

அப்படியானால் சட்டம் எழுத்தாளருக்கு என்னதான் தருகிறது? 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பை மொழிபெயர்க்கும் உரிமையையும் தழுவும் உரிமையையும் ஆசிரியருக்கே தருகிறது. நாவலை நாடகமாக்குவது, நாடகத்தைப் படமாக்குவது, கதையைப் படக்கதையாக்குவது எல்லாம் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டியவை. ஆசிரியரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் இந்த வேலி நிற்கும். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். அதனால் 2015 பிறந்தபோது எப்படியும் அவருடைய எழுத்து பொதுச்சொத்து ஆகியிருக்கும். அவரது படைப்புகள் அதற்கும் முன்பே நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டன. ‘பொன்னியின் செல்வ’னை இன்று யாரும் பதிப்பிக்கலாம், யாரும் நடிக்கலாம்.

உரிமையை விற்ற பிறகும் ஆசிரியருக்கு ஒன்று மிஞ்சுகிறது. படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயரைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் பிரிவு 57 வழிவகுக்கிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் ‘ஆப் கா பண்ட்டி’ நாவலைப் படமாக்க உரிமை கொடுத்தவர்தான். படம் கதையைத் திரித்துவிட்டது என்று அவர் வழக்குப் போட்டபோது, விற்றுவிட்டதாலேயே அந்த உரிமை போய்விடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 1986-ல் விளக்கியது.

இதையெல்லாம் நிலத்தின் மொழியில் சொன்னால் எளிதாகப் புரியும். எழுதி முடித்த கதை, அதன் காட்சி அடுக்கு, பாத்திரங்கள், உரையாடல் ஆகியவை பட்டா நிலம். ஒன்லைனும் கருவும் ஊர்ப் பொது நிலம். யார் வேண்டுமானாலும் மாடு மேய்க்கலாம். தகராறு எப்போதும் எல்லைக் கல்லில்தான் வருகிறது. எத்தனை காட்சிகள் ஒத்துப்போனால் கரு கதையாகிறது என்பதற்கு எந்தச் சட்டத்திலும் அளவுகோல் இல்லை. வழக்குக்கு வழக்கு நீதிபதிதான் அளந்து பார்க்க வேண்டும்.

ராகம் யாருடையது?

இசையில் இந்தத் தகராறு இன்னும் கூர்மையாகத் தெரியும். ‘பொன்னியின் செல்வன் 2’ படத்தில் வரும் ‘வீரா ராஜ வீரா’ பாடல், டாகர் சகோதரர்களின் ‘சிவ ஸ்துதி’யைத் தழுவியது என்று அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த துருபத் கலைஞர் ஃபையாஸ் வாஸிஃபுத்தீன் டாகர் வழக்குத் தொடுத்தார். 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவர் பக்கம் நின்றார். 2 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் கட்டவும், பாடலின் கீழே டாகர் சகோதரர்களின் பெயரைப் போடவும் ஏ.ஆர்.ரஹ்மானுக்கும் தயாரிப்பு நிறுவனங்களுக்கும் இடைக்கால உத்தரவு போட்டார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நீக்கியது. ஒரு உருப்படியைப் பாடிப் புகழ்பெற்றவர் என்பதாலேயே அதை இயற்றியவர் அவர்தான் என்று கொள்ள முடியாது என்பது அமர்வின் நிலைப்பாடு.

கச்சேரி கேட்பவர்களுக்கு இதன் சிக்கல் சட்டென்று விளங்கும். இந்த இரண்டும் அமைந்த அடாணா ராகம் யாருடைய சொத்தும் இல்லை. அதன் பிடிகளும் அப்படித்தான். அவற்றைத் தொடாமல் யாரும் அடாணா பாட முடியாது. ஆனால் அதே ராகத்தில் ஒருவர் தன் கற்பனையால் கட்டிய உருப்படி அவருடையதாக இருக்கலாம். குருகுல வழியில் கைமாறி வந்த இசையில், எது மரபு, எது தனிமனிதர் சேர்த்தது என்று ஆவணம் காட்டுவது கடினம். ராகத்தின் பிடிக்கே உரிமை தந்துவிட்டால், அடுத்த தலைமுறைக்குப் பாட எதுவும் மிஞ்சாது. கருவுக்கு உரிமை கேட்பவர்கள் இந்த உதாரணத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எதிர்த்து எழுதும் உரிமை

மூலப் படைப்பிலிருந்து எடுத்தாலே குற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ 1952-ல் கேரளத்தையே உலுக்கிய நாடகம். அது சொன்ன புரட்சியில் தலித்துகள் எங்கே போனார்கள் என்று கேட்டு, சிவிக் சந்திரன் 1990-களில் ஓர் எதிர்நாடகம் எழுதினார். தலைப்பே மூலத்தைத் திருப்பிக் கேட்டது: ‘நீங்கள் யாரைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள்?’. மூல நாடகத்தின் பாத்திரங்களும் உரையாடல்களும் அதில் வந்தன. பாசியின் மனைவி வழக்குத் தொடுத்தார். 1996-ல் கேரள உயர் நீதிமன்றம், எவ்வளவு எடுக்கப்பட்டது, எதற்காக எடுக்கப்பட்டது, மூலத்தின் சந்தையை இது பறிக்குமா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டது. விமர்சிக்கத்தான் எடுத்திருக்கிறார், அதற்குத் தேவையான அளவே எடுத்திருக்கிறார் என்று கண்டு, நாடகத்துக்கு இருந்த தடையை விலக்கியது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-ல் அதே நோக்கக் கேள்வியைக் கேட்டு எதிர்முடிவுக்கு வந்தது. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் 1981-ல் எடுத்த புகைப்படத்தை ஓவியர் ஆண்டி வார்ஹோல் வண்ணப் படங்களாக்கினார். 2016-ல் அவற்றில் ஒன்றைப் பத்திரிகை அட்டைக்கு வார்ஹோல் அறக்கட்டளை 10,000 டாலருக்குக் கொடுத்தது. புகைப்படக்காரருக்கு ஒரு காசும் போகவில்லை. பாணி மாறினால் மட்டும் போதாது. புகைப்படமும் ஓவியமும் ஒரே வேலையை, ஒரே சந்தையில் செய்கின்றன என்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. இரண்டு வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நியாயம் துலங்குகிறது: மூலத்தோடு சண்டை போட எடுத்தால் சட்டம் தாராளமாக இருக்கலாம், மூலத்தின் இடத்தில் உட்கார எடுத்தால் கணக்குக் கேட்க வேண்டும். நம் சட்டத்தின் பிரிவு 52-ல் விமர்சனத்துக்கு இடமுண்டு. பகடி என்ற பெயர் அதில் இல்லை. அதைச் சேர்த்துவிட்டால் மீம் போடுபவர் முதல் நாடகக் குழு வரை பலருக்கும் நிம்மதி கிடைக்கும்.

இரண்டு வழக்குகள், இரண்டு முடிவுகள்

இனி சென்னைக்கு வருவோம். ஆரூர் தமிழ்நாடன் எழுதிய ‘ஜூகிபா’ கதை 1996-ல் ‘இனிய உதயம்’ இதழில் வெளிவந்தது. 2010-ல் ‘எந்திரன்’ வந்ததும் அது தன் கதை என்று அவர் புகார் செய்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவரது உரிமையியல் வழக்கை 2023-ல் தள்ளுபடி செய்தது. கதை அதோடு முடியவில்லை. 2025 பிப்ரவரியில் அமலாக்கத் துறை இதே புகாரின் அடிப்படையில் இயக்குநர் ஷங்கரின் 10 கோடி ரூபாய்க்கும் அதிக மதிப்புள்ள சொத்துகளை முடக்கியது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பதிப்புரிமை மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க, ஜாமீனில் விடமுடியாத குற்றம் இது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. திருட்டு சி.டி. அச்சடிப்பவருக்கு இது பொருந்தும். ‘இந்தக் கதைக்கும் அந்தக் கதைக்கும் எவ்வளவு ஒற்றுமை?’ என்று இலக்கிய விமர்சகர்களே அடித்துக்கொள்ளும் கேள்விக்குச் சிறையும் சொத்து முடக்கமும் கருவியாகக் கூடாது.

மற்றொன்று 2018 தீபாவளிக்கு வந்த ‘சர்கார்’. தன் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டதை எதிர்த்து எழும் ஒருவனின் கதை. இதே கருவில் ‘செங்கோல்’ என்ற கதையை 2007-லேயே எழுத்தாளர் சங்கத்தில் பதிந்துவைத்திருந்தார் வருண் ராஜேந்திரன். கே.பாக்யராஜ் தலைமையில் இருந்த சங்கம் இரண்டையும் ஒப்பிட்டு, ஒற்றுமை இருக்கிறது என்றது. கரு மட்டுமே ஒத்துப்போகிறது, திரைக்கதை என்னுடையது என்றார் ஏ.ஆர்.முருகதாஸ். விவகாரம் உயர் நீதிமன்றம் போனது. படம் வெளியாவதற்குள் சமரசம் ஆனது. படத்தின் தொடக்கத்தில் வருணுக்கு அங்கீகாரம் அளிக்கப்பட்டது.

தமிழ்நாடனுக்குப் பதின்மூன்று ஆண்டுகளில் கிடைக்காத தீர்வு வருணுக்குச் சில வாரங்களில் கிடைத்ததற்கு, சட்டம் மாறியது காரணமில்லை. வருணிடம் தேதியிட்ட பதிவு இருந்தது. ஒப்பிட்டுச் சொல்லத் துறை அறிந்த ஓர் அமைப்பு இருந்தது. வெளியீட்டுத் தேதி தலைக்கு மேல் தொங்கியது. அவர் கேட்டதும் கருவின் மேல் ஏகபோக உரிமையல்ல, ஓர் ஒப்புதல். சட்டப்படி முருகதாஸின் வாதம் வென்றிருக்கவும்கூடும். ஆனாலும் நியாயமானது என்று பலருக்கும் பட்டது அந்தச் சமரசம்தான்.

பாயிரம் சொன்ன முறை

நம் மரபுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூல் செய்வதற்குத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்கு முறைகளையும் வகுத்துவைத்தது. முன்னோர் நூலிலிருந்து எடுப்பது இழுக்கு என்று யாரும் கருதவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளில், ஆக்கியோன் பெயருக்கு அடுத்து ‘வழி’யை வைக்கிறது நன்னூல். இந்த நூல் எதிலிருந்து வந்தது என்பதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். கம்பரும் பாயிரத்தில், ராமகாதை பாடிய முன்னவர்களில் தான் யாரைப் பின்பற்றுகிறார் என்று தெரிவித்துவிட்டே உள்ளே போகிறார். அதனால் கம்பர் சிறுத்துவிடவில்லை.

இன்றைய டைட்டில் கார்டில் அந்த ‘வழி’க்குத்தான் இடமில்லை. நன்றி அட்டையில் படப்பிடிப்புக்கு இடம் கொடுத்த கல்லூரிக்கு இடமிருக்கும். கதைக்குப் பொறி கொடுத்த சிறுகதை ஆசிரியருக்கு இருக்காது. இதற்கு ஆணவம் மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். ‘இந்தக் கதையின் தூண்டுதலில்’ என்று ஒரு வரி போட்டால், அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு வழக்கு வரும் என்ற அச்சம் இருக்கிறது. எதையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே பாதுகாப்பு என்றாகிவிடுகிறது. உண்மையைச் சொன்னவர் மாட்டிக்கொள்வார். மௌனமாக இருந்தவர் தப்பிப்பார். கதைத் திருட்டுப் புகார்களில் கசப்பு இவ்வளவு பெருகுவதற்கு இந்தத் தலைகீழ் ஏற்பாடும் ஒரு காரணம்.

எனவே மூன்று மாற்றங்கள் போதும். முதலாவது, தூண்டுதல் தந்த படைப்பின் பெயரைக் குறிப்பிடுவதை மட்டும் உரிமை மீறலுக்கான சான்றாகக் கொள்ளக் கூடாது என்று பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். பெயர் போட்டுவிட்டுக் கதையை அப்படியே அள்ளிக்கொள்ள இது வழிவிடாதா என்று கேட்கலாம். விடாது. காட்சிகளும் உரையாடல்களும் ஒத்துப்போனால் அவையே சாட்சி சொல்லும். அந்தப் பொறுப்பிலிருந்து டைட்டில் கார்டு யாரையும் விடுவிக்காது.

இரண்டாவது, எழுத்தாளர் சங்கத்தின் பதிவும் ஒப்பீடும் உறுப்பினர்களுக்கு மட்டுமான ஏற்பாடாக நின்றுவிடாமல், இதழில் கதை எழுதிய யாரும் அணுகக்கூடியதாக வேண்டும். வணிக வழக்குகளில், அவசரத் தடை கேட்காதபட்சத்தில், வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவும் இருக்கிறது. இவற்றோடு சங்கத்தின் ஒப்பீட்டு அறிக்கையை இணைத்து, காலக்கெடு வைத்தால், படத்தின் முதல் அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவிலேயே பல புகார்கள் தீர்ந்துவிடும். மூன்றாவது, கதைத் தகராறுகள் உரிமையியல் நீதிமன்றத்தோடு நிற்க வேண்டும். காவல் துறையும் அமலாக்கத் துறையும் திரைக்கதை விமர்சனம் செய்யப் புகுந்தால், இன்று புகார் சொல்பவருக்கு அது இனிக்கலாம். நாளை ஆட்சியாளருக்குப் பிடிக்காத படத்தின் மேல் அதே கருவி பாயும்.

இதற்கு மேல் போய், கருவுக்கே பட்டா வேண்டும் என்று கேட்பவர்கள், அந்தப் பட்டா யார் கைக்குப் போகும் என்று யோசிக்க வேண்டும். இன்று தன் ஒன்லைனைப் பறிகொடுத்த உதவி இயக்குநர், நாளை இயக்குநர் நாற்காலியில் உட்காரும்போது, அவர் யோசிக்கும் ஒவ்வொரு கருவுக்கும் யாரோ ஒருவர் ஏற்கெனவே உரிமை பதிந்திருப்பார். ஆயிரம் ஒன்லைன்களை வாங்கி அடுக்கிவைத்து, எதிர்ப்படுகிறவர் மேலெல்லாம் வழக்குப் போடும் வசதி அந்த உதவி இயக்குநருக்கு ஒருநாளும் வரப்போவதில்லை. பெரிய நிறுவனங்களுக்கு அது இப்போதே இருக்கிறது.